இல்லமெங்கும் வைஃபை

இணையவழிப் பாடம் கேட்கும் மாணவன் பின்னறையில் இருக்க, ரவுட்டரோ முன்விறாந்தையில் இருக்கின்றது. ஆசிரியர் குரல் பாதியில் அறுகின்றது. பல இல்லங்களிலும் காணும் இக்குறைக்குக் காரணம் யாது?

வைஃபை என்பது வானொலி அலையே. அது பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றது. முன்னையது விரைவிற் குறைந்ததாயினும் சுவரை ஊடுருவுவதில் வல்லது. பின்னையது விரைவுடையதாயினும் தடித்த கற்சுவரின் முன் எளிதில் தளரும். கம்பியிட்ட கொங்கிறீற்று இரண்டிற்கும் பகை.

ஆதலின், பொருள் செலவிடுமுன் ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடத்தில் வைத்துப் பார்த்தல் முறை. அதனாலும் குறை தீராதாயின் இரு வழிகள் உள.

ஒன்று, எக்ஸ்டெண்டர். அது கேட்டதைத் திருப்பிச் சொல்லுங் கருவி. ஒரே அலைவரிசையிற் கேட்டுஞ் சொல்லியும் வருமாயின், வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அலை எட்டாத அறையில் அதனை வைத்தல் வீண். தான் கேளாததை அது எங்ஙனம் சொல்லும்? இடைவழியில் வைத்தலே தகும்.

மற்றையது, மெஷ். பல கருவிகள் ஒரே பெயரில் ஒன்றாய் இயங்கி, நடமாடுவோரின் கைபேசி அண்மையிலுள்ள கருவிக்கு மாற உதவும். பெரிய வீட்டிற்கு இதுவே உகந்தது. அக்கருவிகளை ஈதர்நெற் கம்பியால் இணைத்தல் இன்னும் நன்று. அது 100 மீற்றர் வரை செல்லும்.

எக்கருவியும் வெளியிலிருந்து வரும் இணைப்பின் வேகத்தைக் கூட்டாது; வந்ததை வீடெங்கும் பகிர்வதே அதன் தொழில். எனவே பழைய மாணவர் தத்தம் பிள்ளைகளின் படிப்பறையிலிருந்தே சோதனையைத் தொடங்குவாராக.