பிரசவ நேரத்தில் ஊசி: போடலாமா, வேண்டாமா?

"உங்களுக்கு ஜி.பி.எஸ். கிருமி இருக்கும்மா, வலி வந்ததும் மருந்து போடணும்" என்று கிளினிக்கில் மிஸி சொல்லிவிட்டால் போதும், நம் பெண்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தால் மாமியார், "நாங்கெல்லாம் எந்த ஊசியப் போட்டுப் பெத்தோம்?" என்பார். கணவரோ, "டாக்டர் சொல்றபடி செய்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். முடிவு என்னவோ வயிற்றுப் பிள்ளைக்காரியின் தலையில்தான்! ஆகவே, தாய்மார்களே, விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இது என்ன கிருமி?

ஜி.பி.எஸ். என்பது 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் கிருமி. குடலிலும் பெண்ணுறுப்பிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்கு இது உண்டு. இது சுத்தக்குறைவால் வருவதல்ல. கெட்ட நடத்தையால் வரும் நோயும் அல்ல. கணவருக்கு மருந்து தேவையில்லை. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

பெரும்பாலும் தாய்க்கு ஒரு தொந்தரவும் இராது. ஆனால் பிரசவத்தின்போது கிருமி குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய குழந்தைகளிலும் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். ஒரு சில குழந்தைகளுக்கு மட்டும் இரத்தத்தில், நுரையீரலில், மூளைச் சவ்வில் நோய் பற்றிக்கொள்ளும். பற்றினால் உயிருக்கே ஆபத்து.

கணக்கு என்ன சொல்கிறது?

கிருமி உள்ள தாய் மருந்து போடாவிட்டால், ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் வாரத்திலேயே நோய் வருகிறது. மருந்து போட்டால் 4,000-ல் ஒன்றுக்குத்தான். இது அமெரிக்க சுகாதாரத் துறையின் கணக்கு. அந்த நாட்டில் 1990-ல் 1,000 பிறப்புக்கு ஏறக்குறைய 1.8 என்று இருந்த இந்நோய், பிரசவ நேர மருந்து பரவலாக வந்த பிறகு, 2015-ல் 0.23 ஆகக் குறைந்தது.

இங்கிலாந்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்வதில்லை. குறைமாதப் பிரசவம், காய்ச்சல் போன்ற ஆபத்து அடையாளம் உள்ளவர்களையே கவனிக்கிறார்கள். 'ஒரு குழந்தையைக் காக்கப் பல தாய்மார்களுக்கு மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறதே' என்பது அங்குள்ள வாதம். ஆனால் சோதனையில் கிருமி இருப்பது தெரிந்துவிட்டால், அங்கும் மருந்து தரவே முன்வருகிறார்கள்.

"முன்கூட்டியே மாத்திரை சாப்பிட்டால் என்ன?"

நல்ல கேள்விதான். ஆனால் பயனில்லை. மாத்திரைக்கு அடங்கிய கிருமி, பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும். (சிறுநீரில் இந்தக் கிருமியால் நோய் கண்டால், அதற்கு உடனே மருந்து சாப்பிட வேண்டும், பிரசவத்திலும் போட வேண்டும்.) பூண்டு வைப்பதும், மருந்துத் தண்ணீரால் கழுவுவதும் குழந்தையைக் காக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

வலி தொடங்கியதும் கை நரம்பு வழியாகப் பெனிசிலின் ஏற்றுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை 4 மணிக்கு ஒருமுறை தொடரும். முதல் மருந்து பிறப்புக்கு 4 மணி நேரமாவது முந்தி ஏறியிருந்தால்தான் முழுப் பலன். அதற்குக் குறைந்தாலும் போடுவது நல்லதே.

பயப்பட வேண்டியது உண்டா?

சிலருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். முன்பு எப்போதாவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு மருந்து இருக்கிறது. குழந்தையின் குடலில் உள்ள நல்ல கிருமிகளும் கொஞ்ச நாளைக்குக் குறையலாம். தாய்ப்பால் கொடுக்கத் தடையே இல்லை.

வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் பிறந்த குழந்தையைக் குறைந்தது 12 மணி நேரம் கண்காணிக்கச் சம்மதியுங்கள். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், போட்டுக்கொள்வதே மேல் என்பது எமது கருத்து. வலி வருமுன், பனிக்குடம் உடையுமுன், அறுவை செய்து பிள்ளையை எடுத்தால் இம்மருந்து பொதுவாகத் தேவைப்படாது.

தோட்டத்தில் இருப்பவர்கள் கவனிக்க!

டவுனில் இருப்பவளுக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிடம். நமக்கோ செம்மண் ரோடு, மழை, நடுராத்திரி. நமக்கு அந்த 4 மணி நேரம் ரோட்டிலேயே கரைந்துவிடலாம். ஆகவே:

• சோதனை முடிவைக் கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் வாய்விட்டும் சொல்லுங்கள்.

• பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும், மணியைக் குறித்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். "வலி வரட்டும் பாப்போம்" என்று உட்காராதீர்கள். காய்ச்சல் கண்டாலும் அப்படியே.

• எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பதை 36-ஆவது வாரத்திலேயே பேசி வையுங்கள். வண்டி இல்லையேல் 999.

• தீபகற்ப மலேசியாவில் 1.1.2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே எடுக்கலாம். தூரத்துத் தோட்டத்தில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் போய் இருப்பது நல்லது.

வீடு வந்த பிறகு

குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், முனகி முனகி மூச்சுவிட்டால், உடம்பு கொதித்தால் அல்லது சில்லிட்டால், எழுப்பியும் எழாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். "கண் பட்டிருக்கும்" என்று திருஷ்டி கழிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரி! பிரசவ நேர மருந்து முதல் வாரத்து நோயைத்தான் தடுக்கும். மூன்று மாதம் வரை தாமதமாக வரும் நோயை அது தடுக்காது. அதுவரை கவனமாய் இருங்கள்.

கணவன்மார்களே! முடிவை அவள் தலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்த சோதனைக்கு நீங்களும் கிளினிக்குக்குக் கூடப் போங்கள்.