பழைய மடங்களும் நகரசபைக் காரியாலயங்களும்

வழிபாட்டின் பொருட்டு எழுந்த பழங்கட்டிடத்தை நகரசபைக் காரியாலயமாக மாற்றலாமோ என்னும் வினா, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வறண்ட நாட்டினராகிய நமக்கும் புறம்பானதன்று. குண்டாற்றங்கரையில் வழிபாடு குன்றாது விளங்கும் திருமேனிநாதர் ஆலயம் போன்றவற்றைக் குறித்து நாம் இங்குப் பேசவில்லை. யாத்திரிகர் தங்கிய சத்திரங்களும் துறவிகள் உறைந்த மடங்களும் ஆளின்றிப் பாழாகுங்கால் செய்யத்தக்கது யாது என்பதே நம் ஆராய்ச்சி.

செய்யத்தகாதது இன்னதென்பதை ஆமதாபாத் நகரம் காட்டுகின்றது. ஆங்கு 1573-ம் ஆண்டளவில் எழுந்த சிதி சையத் மசூதி, மரமுங் கொடியும் பின்னினாற்போன்ற கல் ஜன்னல்களால் புகழ்பெற்றது. ஆங்கிலேயர் அதனை வருவாய்க் கச்சேரியாக்கினர். தொழுகைக்குரிய இடமே கணக்கெழுதும் இடமாயிற்று. பின்னர்க் கர்ஸன் பிரபு அக்கச்சேரியை அகற்றுவித்தார். 1904-ல் புராதனச் சின்னங்களைக் காக்கும் சட்டமும் பிறந்தது.

பிரான்சு தேசத்துக் கான் நகரம் வேறு வழி சென்றது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் 11-ம் நூற்றாண்டில் நிறுவிய மடம் அங்குள்ளது. பிரெஞ்சுப் புரட்சியால் துறவிகள் நீங்கியபின், அவர்கள் வாழ்ந்த 18-ம் நூற்றாண்டு மாளிகை பள்ளிக்கூடமாயிற்று. 1944-ல் போரினால் நகரின் பெரும்பகுதி அழிந்தும் மடம் தப்பியது. 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அம்மாளிகை நகரசபைக்கு இடமாயிற்று. அதனையடுத்த தேவாலயமோ, மன்னன் கல்லறையுடன், தேவாலயமாகவே நின்றது. உறைவிடத்தை மாற்றுக, திருவிடத்தைத் தொடற்க என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இம்முறை நம் சீமைக்கு மிகவும் ஏற்றது. பருத்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விரைந்து விடாது. நடுமுற்றம் வெளிச்சமும் காற்றும் தரும். ஆதலின் மின்விசிறிச் செலவு குறையும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமிட்டி பூசுதல் பெருந்தவறு. சுவரில் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். பழுது பார்ப்பதும் சுண்ணாம்பினாலேயே ஆதல் வேண்டும். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சூரிய ஒளித் தகடு ஆகியவற்றைப் பக்கத்தே தனிக் கொட்டகையில் அமைத்தல் நலம். உள்ளே வேண்டும் தடுப்புகள், நாளைக் கழற்றினும் சுவரில் வடுவின்றி நிற்கும் மரத்தட்டிகளாயிருத்தல் வேண்டும். மேல்தளத்து மழைநீரை ஊருணிக்கு விட்டால், ஐப்பசி கார்த்திகையில் பெய்வது கோடைக்கும் உதவும்.

எனினும் உரிமையாளர் இசைவின்றி யாதுஞ் செய்தலாகாது. 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, கோயில், மடங்களின் நிலம் கட்டிடங்களை ஐந்தாண்டிற்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுதற்கும் ஆணையர் அனுமதி வேண்டும். சட்டத்தின் அனுமதியோடு ஊராரின் மனமும் இசைதல் வேண்டும்.

முன்னோர் அறத்திற்கென அடுக்கிய கல்லை இடித்து, அவ்விடத்தே வெயிலில் கொதிக்கும் புதுக்கட்டிடம் எழுப்புதல் சிக்கனமுமன்று, அறமுமன்று. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் ஊரிலுள்ள சத்திரத்தையும் மடத்தையும் அளந்து வரைந்து வைப்பாராயின், அவற்றைக் காப்பதற்கு அதுவே முதற்படியாகும்.