மேலே கேஸ்... கீழே கரண்ட்... நடுவிலே நாங்க!

போன வருஷம் மூன்று மாசத்துக்கு எங்கள் தெருவில் ஒரே பேச்சு, என் மீசையைப் பற்றித்தான். இடது பக்கம் முழு மீசை. வலது பக்கம் அரை மீசை. "என்ன சார், சலூன்ல ஏதாவது தகராறா?" என்று பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். ஆமாம் என்று தலையாட்டி, ஒரு பாவமும் அறியாத சலூன்காரர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன். உண்மையைச் சொல்ல இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. என் மீசையில் கைவைத்தது எங்கள் வீட்டு அடுப்பு!

சாதாரண அடுப்பு இல்லை. என் மணிவிழாவுக்குப் பெங்களூரில் இருக்கும் பையன் வாங்கி அனுப்பிய 'குக்கிங் ரேஞ்ச்'. இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டி ஸ்டீல் பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் நாலு கேஸ் பர்னர். வயிற்றில், கரண்டில் ஓடும் அவன். 'அவன்' என்றால் எவனோ இல்லை... கேக், பிஸ்கட் எல்லாம் பண்ணுவார்களே, அந்த அவன்.

எங்கள் அம்மாவுக்கு எண்பத்தைந்து வயசு. விறகடுப்பு, கரியடுப்பு, பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியவர். டெமோ காட்ட வந்த பையன், "முதல்ல அவனைப் பத்து நிமிஷம் நல்லா சூடு பண்ணணும் பாட்டி" என்றதும், "எவனைடா?" என்றாரே பார்க்கணும்! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'ஓவன்' ஆகிவிட்டது. குடும்ப அமைதிக்காக.

கேஸ் இணைப்பு கொடுக்க ஏஜென்ஸியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கரண்ட் வேலைக்கு ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். வேறு வேறு நாளில். அவருக்கு இவர் வேலை தெரியாது, இவருக்கு அவர் வேலை தெரியாது. நடுவில் நின்ற எனக்கு ரெண்டுமே தெரியாது. மெக்கானிக் அரைமணி நேரம் நின்று ஏதேதோ விளக்கினார். என் மனைவி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் படிக்காமலே கையெழுத்துப் போட்ட பழக்கம்!

மீசைக்கு வருகிறேன்.

இந்த அடுப்புக்கு லைட்டர் வேண்டாம். குமிழைத் திருகிப் பட்டனை அமுக்கினால் 'டிக் டிக்' என்று தானே பொறி பறந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பொறி வருவது வீட்டுக் கரண்டில். ஒருநாள் காலை ஆறு மணிக்குக் காபி போடலாம் என்று திருகினேன். அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். குமிழைத் திறந்தபடியே விட்டுவிட்டு, இழுப்பறையில் பழைய லைட்டரைத் தேடினேன். கிடைத்தது. குனிந்து, கிட்டே முகத்தை வைத்து ஒரு 'க்ளிக்'...

பக்!

ஏரியாவில் பவர்கட் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கரண்ட் போனால் பொறிதான் நிற்கும். கேஸுக்குப் பவர்கட் தெரியாது, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ரெண்டு மூன்று விநாடியில் பற்றாவிட்டால் குமிழை மூடிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து, சேர்ந்த கேஸ் போக அவகாசம் கொடுக்க வேண்டும். அப்புறம் தீக்குச்சியை முதலில் கிழித்துப் பர்னர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பிறகுதான் குமிழைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் மீசை போச்சு!

அடுத்த கூத்து கரண்ட் பக்கம். ஓவனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் 2000 வாட் என்று போட்டிருந்தது. 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 9 ஆம்பியர் வரும். எலெக்ட்ரீஷியன் அதற்கென்று தனியாக ஒயர் இழுத்து, பெரிய 15 ஆம்பியர் பாயிண்ட் வைத்துக் கொடுத்திருந்தார். ஆனால் என் மனைவி கேட்டாள் என்று ரேஞ்சை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். ப்ளக் எட்டவில்லை. கிரைண்டருக்குப் போட்டிருந்த சின்ன 5 ஆம்பியர் பாயிண்டில் ஒரு 'கன்வெர்ட்டர்' சொருகி, அதில் பெரிய ப்ளக்கைத் திணித்தேன். நாலு நாள் நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாம் நாள் கருகல் வாடை. பிஸ்கட் கருகுகிறது என்று நினைத்து ஓவனைத் திறந்து பார்த்தால் பிஸ்கட் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கருகிக்கொண்டிருந்தது சுவரில் இருந்த பாயிண்ட்!

திரும்ப வந்த எலெக்ட்ரீஷியன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சார், அஞ்சு ஆம்பியர் பாயிண்ட்ல ஒன்பது ஆம்பியர் இழுத்தா, ஒத்தை ஆள் மேல ரெண்டு மூட்டை ஏத்தின மாதிரி. கொஞ்ச தூரம் நடப்பான். அப்புறம் படுத்துடுவான்." இன்னொன்றையும் காட்டினார். பெரிய ப்ளக்கில் மேலே தடியாக, நீளமாக ஒரு கால் இருக்கிறதே, அதுதான் எர்த். சொருகும்போது மற்ற ரெண்டுக்கும் முன்னால் அதுதான் தொடும், எடுக்கும்போது கடைசியாகத்தான் விலகும். உடம்பெல்லாம் ஸ்டீலாக இருக்கிற அடுப்புக்கு அதுதான் உயிர்க்காவல். ஈரக் கையோடு தொடும்போது 'சுள்'ளென்றால், அடுப்பில் கோளாறு, எர்த்திலும் கோளாறு என்று அர்த்தம். அதோடு மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே படக்கென்று விழும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தையும் மாட்டிவிட்டுப் போனார். மின்விசிறி ரெகுலேட்டருக்குச் செலவழிக்க யோசிக்காத நான், இதற்குப் பேரம் பேசினேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நம்மூர் வீடுகளில் ஓவன் எதற்குப் பயன்படுகிறது? கேக் செய்ய வருஷத்துக்கு ரெண்டு நாள். மிச்சம் முந்நூற்று அறுபத்து மூன்று நாளும் அது அலமாரி! தோசைக்கல், முறுக்கு அச்சு, பிளாஸ்டிக் டப்பாக்கள், கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் கிண்ணங்கள்... எல்லாம் உள்ளே. என் மருமகள் ஒருநாள் பீட்ஸா செய்கிறேன் என்று, உள்ளே பார்க்காமலே ஓவனைப் போட்டுவிட்டாள். கால் மணியில் சமையலறை முழுக்கக் கறுப்புப் புகை. உள்ளே கடலைப்பருப்பு டப்பா உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறக்கப் பாய்ந்தேன். நல்ல காலம், மருமகள் சுவிட்சை அணைத்துவிட்டு, "மாமா, திறக்காதீங்க" என்று தடுத்தாள். மூடியிருக்கும்வரை காற்று கிடைக்காமல் நெருப்பு அடங்கும். திறந்தால் நாமே விசிறிவிட்ட மாதிரி. தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், கீழே கரண்ட். மேலே வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டாலும் இதேதான்... குமிழை மூடி, பெரிய தட்டால் வாணலியை மூடி, சும்மா இருக்க வேண்டும். ஆறுவதற்கு முன்னால் அந்தத் தட்டை எடுத்து எட்டிப் பார்க்கிற ஆசை வரும். வரக்கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

இந்த மே மாசம். பேரன் லீவுக்கு வந்திருந்தான், ஐந்து வயசு. சாயங்காலம் கேக் செய்து தருவதாகப் பாட்டி வாக்குக் கொடுத்திருந்தாள். மாவு கலக்கும் பொறுப்பு அவனுடையது. அவனோ கலக்குவதைவிட சர்க்கரை நக்குவதில்தான் குறியாக இருந்தான். அதனால் ஓவனைச் சூடுபடுத்துவது தள்ளிக்கொண்டே போனது. அலுத்துப்போய் என் மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கொல்லையில் துணி எடுக்கப் போனாள். பேரன் கூடத்துக்கு ஓடிவிட்டான். நான் ஊஞ்சலில்.

பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. சமையல் கேஸுக்கென்று சொந்தமாக வாடை கிடையாது, நாம் தெரிந்துகொள்வதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலந்து அனுப்புகிறார்கள். சமையலறைக்கு ஓடினேன். எனக்குத் தோன்றிய முதல் யோசனை... வாடையை வெளியே தள்ள வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு! கை சுவிட்ச் வரை போய்விட்டது. விரல் அதன் மேல்.

"தொடாதீங்க!"

முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். "எந்த சுவிட்சையும் தொடாதீங்க. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்." அடுத்த விநாடி கூடத்தைப் பார்த்து, "கண்ணா, டி.வி. ரிமோட்டைக் கீழே போட்டுட்டுக் கொள்ளுப்பாட்டி கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போ!"

அடுப்புக் குமிழை மூடினாள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினாள். கொல்லைக் கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்தாள். முறத்தை எடுத்துத் தரையோடு தரையாக, தண்ணீரைத் தள்ளுகிற மாதிரி, வாசற்படிக்கு வெளியே விசிற ஆரம்பித்தாள். நான் பித்துப் பிடித்தவன் மாதிரி நின்றேன். "வராந்தாவுல போய் மெயினை அணைங்க" என்றாள். எங்கள் வீட்டில் மெயின் வெளி வராந்தாவில் இருக்கிறது. சமையலறைப் பக்கம் இருந்திருந்தால் அதையும் தொட்டிருக்கக் கூடாதாம். தெருவுக்கு வந்த பிறகுதான் போனை எடுத்தேன். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இருக்கிற 1906-க்குச் சொன்னோம்.

வந்தவர் அதே பழைய மெக்கானிக். தரையைக் காட்டிச் சொன்னார்: "சார், இந்த கேஸ் காத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல கனம். மேல போகாது, தரையிலதான் தேங்கும். காத்துல ரெண்டு சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். சாதா அடுப்புன்னா கீழ வெறும் இடம். உங்களுக்குக் கீழ என்ன இருக்கு?"

ஓவன். உள்ளே சிவக்கச் சிவக்கக் காய்கிற கம்பி. சூடு ஏறினால் அணைந்து, இறங்கினால் பற்றி, நாம் தொடாமலே 'டக் டக்' என்று விழுந்து எழும் தெர்மோஸ்டாட். மேலே சிந்துகிற கேஸ் நேராக அதன் காலடிக்குத்தான் இறங்கும்.

பேரன் மட்டும் ஒழுங்குப் பிள்ளையாக மாவைக் கலக்கி முடித்திருந்தால், அந்த நேரம் ஓவன் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான், "குழந்தைக்கு இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை குடுடி" என்றார்.

நெருப்பு அணைந்தால் கேஸைத் தானே நிறுத்திவிடும் வால்வு உள்ள அடுப்புகள் கடையில் கிடைக்கின்றன. எங்களுடையதில் அது இல்லை என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். வாங்கப் போகிறவர்கள் கலரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். அது இல்லாத வீட்டில் பாலைப் பக்கத்தில் நின்றுதான் காய்ச்ச வேண்டும், வேறு வழியில்லை.

மெக்கானிக் ரேஞ்சை முன்னால் இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்தார். நான் நகர்த்திய மகிமையில், ஆரஞ்சு நிற கேஸ் ட்யூப் ஓவனின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஓவன் ஒயர் அதன் மேலேயே சுற்றியிருந்தது. "ரெண்டு சம்பந்தி மாதிரி சார் இது. தனித்தனியா உட்கார வெச்சாத்தான் கல்யாணம் நல்லபடியா நடக்கும்" என்று ட்யூபை ஒரு பக்கமும் ஒயரை மறுபக்கமும் கொண்டுபோனார். ட்யூப் முழு நீளமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சூடு படக்கூடாது, வெடிப்பு இல்லாவிட்டாலும் ஐந்து வருஷத்தில் மாற்றிவிட வேண்டும். இணைப்பில் கசிவு பார்க்க சோப்பு நுரையைத் தடவினார். நுரை முட்டை விடவில்லை, நல்லது. தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்களாம்!

கிளம்புமுன் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஒரு எழுத்தும் எண்ணும் காட்டினார். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்தில் வருஷம். அந்த சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. கெடு தாண்டினதை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். இத்தனை வருஷம் அதை சிலிண்டரின் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் அன்னிக்கே சொன்னேனே சார். அம்மா நல்லாக் கேட்டுக்கிட்டாங்க" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு எலெக்ட்ரீஷியன் பார்வை எவ்வளவோ தேவலை.

கேக்கை மறுநாள் செய்தோம். கரண்ட் போனால் ஓவன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, சுவரிலும் சுவிட்சை அணைக்கிற வேலை இப்போது எனக்கு. நாம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கரண்ட் வந்து, அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கக் கூடாது அல்லவா? படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுகிற டியூட்டியும் என்னுடையதே. பேரன் பெங்களூரிலிருந்து தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்து, "தாத்தா, மூடியாச்சா?" என்று கேட்கிறான்.

ஓவன் இப்போது காலி. தோசைக்கல், முறுக்கு அச்சு, டப்பா, கிண்ணம் எல்லாம் எங்கே போயின என்கிறீர்களா? என் புத்தக அலமாரியில்!