ஹெரால்டும் ஃபியட்டும்

இரண்டுமே ஐரோப்பாவில் பிறந்து நம் நாட்டில் ஊன்றிய வண்டிகள். டிரையம்ஃப் ஹெரால்ட் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. 1961 முதல் மதராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதை இங்கே தயாரித்தது. ஃபியட் 1100 பம்பாய் பிரீமியர் ஆலையில் உருவாகி, பின்னர் பத்மினி என்ற பெயரில் ஓடியது.

ஹெரால்டின் பானெட்டைக் கவனியுங்கள். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். தனிச் சேஸிஸின் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடி இது. இதே சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஹெரால்ட் சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். ஆனால் வளைவில் வேகமாகப் போனால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் குணம் உண்டு, நிதானம் தேவை.

ஃபியட்டுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங் அருகே கியர். உதிரிபாகம் தேடி அலைவதும் குறைவு. எங்கள் குஜிலியம்பாறையிலிருந்து எரியோடு வழியாகத் திண்டுக்கல்லுக்குத் தினமும் ஓட்ட வேண்டுமானால் இதுவே தோது.

சேகரிப்பவருக்கு ஹெரால்டுதான் அழகு. வாங்குமுன் கீழே படுத்துச் சேஸிஸின் பக்கக் கைகளைத் தட்டிப் பாருங்கள். கடலோர வண்டிகளில் துரு முதலில் அங்கேதான் அரிக்கும். எங்கள் வறண்ட காட்டில் நின்ற வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. ரப்பர்தான் வெயிலில் வெடிக்கும்.