புகாருக்குப் பின் வரும் இரவு: இணையவழிக் கல்வியும் தலித் மாணவர் பாதுகாப்பும்

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் படுகாயமுற்றார். இவ்வழக்கில் பிடிபட்டவர்களில் வள்ளியூரில் அவருடன் ஒரே பள்ளியில் பயின்ற ஆதிக்க சாதி மாணவர்களும் இருந்தனர். தொடர் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்வதையே அம்மாணவர் நிறுத்தியிருந்தார். ஆசிரியர்கள் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். அது புகாராக எழுதி வாங்கப்பட்டது. தாக்குதல் அதன் பின்னரே நிகழ்ந்தது.

மாணவர் பாதுகாப்பு குறித்த அறிவுரைகள் பெரும்பாலும் 'தயங்காமல் புகார் அளியுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. நாங்குநேரி நமக்குக் கற்பித்த பாடம் வேறு. தலித் மாணவருக்குப் புகார் என்பது தீர்வின் தொடக்கம் மட்டுமன்று; ஆபத்தின் தொடக்கமுமாகலாம். கைபேசியே வகுப்பறையாகிவிட்ட இக்காலத்தில் இப்பாடத்தின் அவசியம் கூடியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டிய வண்ணக் கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்க்கச் சொல்லலாம். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சாதி அடையாளத்தோடு வரும் முகப்புப் படத்துக்கு வாசல் ஏது?

இணைய வகுப்பின் வன்முறையை 2021ஆம் ஆண்டு இரு முகங்களில் காட்டியது. ஏப்ரலில், கரக்பூர் ஐஐடியின் ஆயத்தப் படிப்பில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பேராசிரியர் ஒருவர் இணைய வகுப்பிலேயே இழிவாகப் பேசினார். காணொலி பரவிக் கண்டனம் எழுந்த பின்னர் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மே மாதம், இணைய வகுப்பில் முறைகேடாக நடந்துகொண்டதாகவும் மாணவிகளைத் துன்புறுத்தியதாகவும் எழுந்த புகார்களில் சென்னைத் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இரண்டிலும் நிறுவனத்தை அசைத்தது அதன் உள்முறை அன்று. வெளியே எழுந்த குரலே.

இதன் பின்னர் தமிழ்நாடு அரசு இணைய வகுப்புகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. வகுப்புகளைப் பதிவு செய்தல், புகார்ப் பெட்டி, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஆகியன அவற்றுள் அடங்கும். வரவேற்கத்தக்கவையே. ஆயினும் அக்குழுவில் அமர்வோர் தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், நிர்வாகப் பிரதிநிதி ஆகியோர். சாதி ஊரையும் சேரியையும் பிரித்து வைத்திருக்கும் தாமிரபரணிக் கரைக் கிராமங்களில், காலையில் குழுவிடம் சொன்னது மாலைக்குள் தெருவுக்குச் சென்றுவிடக்கூடும். எனவே குழுவில் தலித் பிரதிநிதியும் பள்ளிக்கு வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறோம்.

சட்டம் நம் கையில் சில கருவிகளைத் தந்திருக்கிறது. பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறையிடமோ சிறார் காவல் பிரிவிடமோ தெரிவிப்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே 'உள்விசாரணை முடியட்டும்' என்று எவரும் காலங்கடத்த முடியாது. சாதி இழிவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பொருந்தும். பொதுமக்கள் பார்வையில் நிகழும் அவமதிப்பு என்பது இணையவெளியையும் உள்ளடக்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறியுள்ளது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது 15அ பிரிவு. நாம் அதிகம் பயன்படுத்தாத பிரிவும் இதுவே. புகார் மனுவிலேயே இப்பிரிவைக் குறிப்பிட்டு, வீட்டுக்கும் வழித்தடத்துக்கும் பாதுகாப்புக் கோர வேண்டும்.

சான்றுகளைக் காப்பதும் முக்கியம். இழிவான செய்தியையோ குரல் பதிவையோ அழிக்க வேண்டாம். குழுவிலிருந்து அவசரப்பட்டு வெளியேறவும் வேண்டாம். நாள், நேரம், அனுப்பியவரின் எண் ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, மூலக் கருவியைப் பத்திரப்படுத்த வேண்டும். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றம் சான்றிதழ் கோரும். ஆனால் சிறார் தொடர்பான பாலியல் படங்களை 'ஆதாரம்' என்று பிறருக்கு அனுப்புவதே குற்றம்; அவற்றைக் காவல்துறையிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட சிறாரின் பெயரையும் படத்தையும் பகிர்வது, ஆதரவு தெரிவிக்கும் நோக்கில் செய்தாலும், சட்டவிரோதமே.

உதவிக்கு: குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித்துறைக்கு 14417, வன்கொடுமைப் புகார்களுக்கு 14566.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர்க் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், பள்ளி நல அலுவலர் நியமனம் முதலியவற்றை அது பரிந்துரைத்தது. அந்த நல அலுவலரின் பொறுப்பு இணைய வகுப்புக்கும் வகுப்புக் குழுக்களுக்கும் விரிய வேண்டும். புகார் வந்த அன்றைக்கே மாணவரின் வீட்டுக்கு யார் செல்வது, காவல் நிலையத்துக்கு யார் தெரிவிப்பது, எதிர்த்தரப்புப் பெற்றோரிடம் யார், எப்போது பேசுவது என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

வெட்டுண்ட அம்மாணவர், சிகிச்சைக்கு நடுவே படித்து, 2024இல் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவரது மன உறுதியை நாம் போற்றலாம். ஆனால் மாணவரின் மன உறுதியை நம்பிப் பாதுகாப்பு முறையை அமைக்க முடியாது. உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'புகார்ப் பெட்டி எங்கே?' என்பதன்று, 'புகார் அளித்த மாணவருக்கு இன்றிரவு யார் காவல்?' என்பதே.