வெளியே நின்று நெருப்பை வென்றவர்!

கட்டிடம் தீப்பற்றி எரிகிறது. தீயணைக்கும் வண்டிகள் வந்து நிற்கின்றன. வீரர்கள் குதித்து உள்ளே ஓடுகிறார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள்? கூரை சரிந்தால் யாரைத் தேடுவது? சொல்வதற்கு ஆள் இல்லை!

இந்தக் குழப்பத்தை ஒழிக்கப் பாடுபட்டவர், ஆலன் புருனாசினி. அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரத் தீயணைக்கும் படையில் 1958-ம் ஆண்டு சேர்ந்தார். 1978-ல் அதன் தலைவர் ஆனார்.

ஒரே தலைவர்

ஆளுக்கு ஆள் நாட்டாண்மை செய்தால் காரியம் கெடும் அல்லவா? தீ எரியும் இடத்திலும் அப்படித்தான்.

முதலில் வந்து சேரும் அதிகாரி தலைமை ஏற்கவேண்டும். கண்ட நிலைமையை ரேடியோவில் சொல்லவேண்டும். மேலதிகாரி வந்ததும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கவேண்டும். அவர் வெளியே ஓர் இடத்தில் இருந்துகொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கவேண்டும். இதுவே புருனாசினியின் பாடம்.

காப்பாற்றக்கூடிய உயிர் உள்ளே இருந்தால், யோசித்து, துணிந்து போகலாம். பொருளுக்காக அந்த அளவு துணியக்கூடாது. எல்லாம் எரிந்துபோன இடத்தில் வீரரின் உயிரைப் பணயம் வைக்கவே கூடாது.

இந்த முறையை விளக்கி, 1985-ல் "பயர் கமாண்ட்" என்ற நூலை வெளியிட்டார்.

குருவுக்கே சோதனை!

2001-ம் ஆண்டு மார்ச் 14-ந்தேதி, பீனிக்சில் பெரிய மளிகைக்கடை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே சென்ற வீரர் ஒருவர் புகையில் வழிதவறினார். முதுகில் சுமந்த மூச்சுக்காற்று தீர்ந்தது. தோழர்கள் போராடியும் அவரைப் பிழைக்க வைக்க முடியவில்லை.

பாடம் சொன்னவரின் படையிலேயே சாவு! படை அதை மூடி மறைக்கவில்லை. விசாரித்து, அறிக்கை வெளியிட்டது. காலிக் கட்டிடங்களில் பலமுறை ஒத்திகை நடத்தியது.

விழுந்து கிடக்கும் ஒரு வீரரை மீட்க, சுமார் 12 பேர் தேவைப்பட்டார்கள். சராசரியாக 21 நிமிடம் பிடித்தது. மீட்கப் போனவர்களில் ஐந்தில் ஒருவர், தாமே ஆபத்தில் சிக்கினார்! இரண்டு மூன்று பேர் ஓடிப்போய்த் தூக்கி வந்துவிடலாம் என்ற எண்ணம் தவிடுபொடி ஆயிற்று.

ஓயாத ஆசிரியர்

2006-ல் புருனாசினி ஓய்வு பெற்றார். ஆனாலும் வீட்டில் உட்காரவில்லை. மகன்களுடன் சேர்ந்து, தீயணைக்கும் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2017-ம் ஆண்டு அக்டோபரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

தீப்பிடித்த இடத்தில் தண்ணீர்க் குழாயைத் தொடாமல் ஓர் அதிகாரி நின்றால், "சும்மா நிற்கிறாரே!" என்று எண்ணவேண்டாம். உள்ளே போனவர்கள் உயிரோடு வீடு திரும்புவதற்குத்தான் அவர் வெளியே நிற்கிறார்.