ஆண்டுச் சந்தா: கழித்தல் 1,794 ரூபா!

"நானா, எங்கட எப்பில சந்தா கட்ட வாறவருக்கு நாங்கதான் சல்லி கொடுக்கணும் எண்டு காட்டுது!"

அக்குறணையிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவரது குரலில் சிரிப்பு இருக்கவில்லை.

க.பொ.த. சாதாரண தர மாணவருக்கான பயிற்சி வினாக்களைக் கொண்ட அன்ட்ரொய்ட் செயலி ஒன்றை அவரும் நண்பரும் உருவாக்கியிருந்தனர். மாதச் சந்தா 300 ரூபா, ஆண்டுச் சந்தா 2,500 ரூபா. மாதச் சந்தாவில் குறையில்லை. ஆண்டுச் சந்தாவின் விலை மட்டும் "-1,794.97" எனத் திரையில் விழுந்தது. பணம் அறவிடும் கூகுளின் பெட்டியில் சரியான தொகையே வந்தது. ஆனால் அதுவரை செல்லப் பெற்றோர் துணியவில்லை. ஏமாற்று வேலை என எண்ணிச் சிலர் செயலியையே அழித்துவிட்டனர்.

நிரலை வாங்கிப் பார்த்தேன். பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது.

கூகுள் பிளே, கணக்குப் பார்ப்பதற்கான விலையை 'மைக்ரோ' என்ற அலகில் தருகிறது. ஒரு ரூபா என்பது பத்து இலட்சம் மைக்ரோ. சதக் கணக்கையும் தசமப் புள்ளியின்றி முழு எண்ணாக வைத்திருக்க இது உதவும். அதன்படி 2,500 ரூபா 250 கோடி மைக்ரோவாகும். இதனைக் கூகுள் 'லோங்' எனும் 64 பிட் எண்ணாகக் கொடுக்கிறது. தம்பி அதனை 'இன்ட்' எனும் 32 பிட் எண்ணாக மாற்றியிருந்தார். இன்ட் கொள்ளும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அதனைத் தாண்டினால், வாகன மீற்றர் கடைசி இலக்கத்துக்குப் பின் மீண்டும் முதலிலிருந்து ஓடுவதுபோல, எண் கழித்தல் பக்கத்துக்குத் தாவிவிடும்.

"ஜாவா உங்களை எச்சரிக்கவில்லையா?" என்று கேட்டேன். "எச்சரித்தது நானா. லோங்கை இன்டில் போட ஏலாது எண்டு பிழை காட்டிச்சு. அதனால்தான் முன்னால அடைப்புக்குறிக்குள்ள இன்ட் எண்டு எழுதினேன். பிழை போயிட்டது."

போனது பிழையல்ல, எச்சரிக்கை மட்டுமே. டொலரில் சோதித்திருந்தால் இது வெளிப்பட்டே இருக்காது. 9.99 டொலர் ஒரு கோடி மைக்ரோவுக்கும் குறைவு. எமது ரூபாவில் 2,147ஐத் தாண்டியதும் கணக்குக் கவிழ்கிறது. இந்தோனேசிய ரூபியாவிலோ ஏறக்குறைய எல்லா விலையும் கவிழும்.

இது சிறியவர்கள் மட்டும் செய்யும் தவறுமல்ல. 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியான் 5 ரொக்கட் புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் தசம எண்ணொன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்ததே அதற்குக் காரணம்.

நாம் செய்த திருத்தம் எளியது. விலையை இறுதிவரை லோங்காகவே வைத்தோம். தரவுத்தளத்திலும் அதற்கு 64 பிட் இடம் ஒதுக்கினோம். திரையில் காட்டுவதற்குக் கூகுள் எழுத்தாகத் தரும் விலையை அப்படியே பயன்படுத்தினோம். அந்த எழுத்தை எண்ணாக மாற்றவும் கூடாது. அதிலுள்ள நாணயக் குறியும் காற்புள்ளியும் செயலியை நிறுத்திவிடும். "மாதத்துக்கு எவ்வளவு" எனப் பிரித்துக் காட்டுவதற்கு பிக்டெசிமல் முறையைக் கையாண்டோம்.

வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அழித்துவிட்டுப் போன பெற்றோரைத் திருப்பி அழைப்பதுதான் தம்பிக்கு இன்னும் முடியாத வேலை. தொழில் தொடங்கும் இளைஞர்களே, கணினி பிழை காட்டினால் அதன் வாயை அடைக்காதீர்கள். வாடிக்கையாளர் சொல்வதற்கு முன் அது சொல்கிறது.